சட்டைப் பையில் வைக்க ஒரு சின்ன டார்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டவர் சொன்ன விவரம் இது: இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி வயல் ஓரமாக அரை கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும், வழியில் தெருவிளக்கு கிடையாது. போனில் இருக்கிற லைட் போதாதா? போதாது என்றால் எப்போதும் பையிலேயே கிடக்கிற மாதிரி எந்த டார்ச் வாங்கலாம்? 500 ரூபாய்க்கு 10,000 லூமன் (டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று விற்கிறார்களே, அதை நம்பலாமா? வீட்டில் அம்மாவுக்கும் ஒன்று வேண்டும்.

போன் லைட்டை முதலில் பார்த்துவிடுவோம். சாவித் துவாரத்தைத் தேடுவதற்கும் கட்டிலுக்கு அடியில் செருப்பு எடுப்பதற்கும் அது போதும். நடப்பதற்குப் போதாது. சுமார் 50 லூமன்தான் வரும், அதுவும் குவியாமல் எல்லாப் பக்கமும் பரவிவிடுவதால் நான்கைந்து எட்டு தள்ளி என்ன கிடக்கிறது என்று தெரியாது. மழை வந்தால் வெளியே எடுக்க யோசிப்பீர்கள். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அதில் 8 சதவீதம்தான் சார்ஜ் இருக்கும். நடுவில் வீட்டிலிருந்து போன் வந்தால் லைட்டைக் காதில் வைத்துக்கொண்டு இருட்டில் நடக்க வேண்டியதுதான்.

வயல் ஓரம் என்று சொல்கிறீர்கள், ஆகவே பாம்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், சராசரியாக ஆண்டுக்கு 58,000. நம் பக்கத்துக் கட்டுவிரியன் இரவில்தான் வெளியே வரும். கண்ணாடி விரியன் காய்ந்த சருகுக்குள் சருகாகவே கிடக்கும், கிட்டே போகிற வரை நகராது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை விளையாட்டுச் சாமான் மாதிரிப் பேச மாட்டேன். உங்கள் காலிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி வரை தரை தெளிவாக, அதன் உண்மையான நிறத்தில் தெரிய வேண்டும். உங்களுக்கு டார்ச் செய்ய வேண்டிய வேலை அதுதான், இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும் பனைமரத்தைக் காட்டுவது அல்ல. இனி நான் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

சரி, 10,000 லூமன் கதைக்கு வருவோம். இதைச் சரிபார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம், ஒரு பெருக்கல் போதும். இன்றைக்கு நன்றாகச் செய்த சின்ன டார்ச்சில் ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமன் கிடைக்கும். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்குகிற சால்டரிங் அயர்ன் வெறும் 25 வாட், அதன் முனையை உங்களால் தொட முடியாது. நூறு வாட்டை உள்ளங்கைக்குள் அடங்குகிற அலுமினியக் குழாயில் போட்டால், அதில் பெரும்பகுதி சூடாக மாறி, ஒரு நிமிடத்தில் அதைக் கீழே போட்டுவிடுவீர்கள். பேட்டரியும் சில நிமிடங்களில் காலியாகிவிடும். 500 ரூபாய்க்கு வரும் அந்த டார்ச்சுகளில் உண்மையில் இருப்பது பெரும்பாலும் சில நூறு லூமன்தான். அதோடு வரும் பேட்டரியில் 9,900 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சடித்திருந்தால் அதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். 18650 என்கிற அந்த அளவில் நல்ல கம்பெனி பேட்டரிகளே 3,500 பக்கம்தான் நிற்கின்றன.

இந்தப் பெருக்கலை எல்லாப் பேட்டரிக்கும் போட்டுப் பார்க்கலாம். டிவி ரிமோட்டில் போடுகிற ஏஏஏ அளவில் சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரி 750 எம்ஏஎச், 1.2 வோல்ட். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 0.9 வாட்-மணி, அதாவது 90 லூமனை ஒரு மணி நேரத்துக்குத் தரலாம், அல்லது 10 லூமனை ஒன்பது மணி நேரத்துக்கு. சுவர்க் கடிகாரத்தில் போடுகிற ஏஏ அளவு என்றால் 1,900 எம்ஏஎச், ஆக 230 லூமன் ஒரு மணி நேரத்துக்கு. அதே ஏஏ அளவில் லித்தியம் அயான் ஒன்று இருக்கிறது, 14500 என்பார்கள். அதில் 320 வரை வரும். கட்டைவிரல் பருமனுள்ள 18650-இல் 1,100-ஐத் தாண்டும். ஆகவே ஏஏஏ போடுகிற டார்ச் ஒன்று 500 லூமன் என்று சொன்னால், அது எத்தனை நிமிடத்துக்கு என்று உடனே கேட்க வேண்டும்.

நல்ல கம்பெனிகளின் பெட்டியில்கூட இந்த இடத்தில் கவனம் வேண்டும். 2009-இல் அமெரிக்காவில் டார்ச்சுகளுக்கென்று எஃப்எல்1 என்ற அளவு முறை வந்தது. அதன்படி வெளிச்சத்தை முதல் இரண்டு நிமிடத்துக்குள் அளக்கலாம், எரியும் நேரத்தை மட்டும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரை கணக்கிடலாம். அதனால் 1,000 லூமன், 1 மணி 40 நிமிடம் என்று போட்டிருந்தால் அது பொய் இல்லை. ஆனால் முதல் ஒரு நிமிடம் மட்டும் ஆயிரம், அப்புறம் சூடு தாங்காமல் 150-க்கு இறங்கி மீதி நேரமெல்லாம் அப்படியே ஓடியிருக்கலாம். தூரமும் இப்படித்தான். 100 மீட்டர் என்று போட்டால், அந்த 100 மீட்டரில் விழுவது 0.25 லக்ஸ், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம். ஆள் நிற்கிறார் என்று தெரியும், யார் என்று தெரியாது. பெட்டியில் போட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நான் எப்போதும் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று, நம் கண் லூமனை நேராகக் கூட்டிக் கழிப்பதில்லை. வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரிய ஏறத்தாழ நான்கு மடங்கு லூமன் வேண்டும். 300-க்கும் 400-க்கும் வித்தியாசம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்காகக் கூடுதலாகக் காசு கொடுக்காதீர்கள்.

நடப்பதற்கு எவ்வளவு வேண்டும்? இருட்டுக்குக் கண் பழகிவிட்டால் 30 முதல் 60 லூமன் போதும். நாய் குரைக்கிற பக்கம் திருப்பிப் பார்க்கவும், எதிரே வண்டி வந்தால் நீங்கள் இருப்பதைக் காட்டவும் 200 முதல் 300 இருந்தால் நல்லது. இவற்றைவிட முக்கியமானது, பலர் கேட்காமலே வாங்கிவிடுவது, மிகக் குறைந்த நிலை. ஒரு லூமனோ அதற்கும் கீழேயோ இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குழந்தைக்குப் பால் கலக்க, பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பாமல் மாத்திரை தேட, கரண்ட் போனபோது மெயின் பெட்டி வரை நடக்க, இதெல்லாம் அந்த ஒரு லூமனில் நடக்கும் வேலை. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரே ஒரு 300 லூமன் வெளிச்சத்தில் அத்தனையும் போய்விடும். வாங்கும்போது அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் குறைந்தபட்சம் எவ்வளவு, பொத்தானை அழுத்தினால் முதலில் எது எரிகிறது என்று கேளுங்கள். முதல் அழுத்தத்திலேயே முழு வெளிச்சம் அடிக்கிற டார்ச் வீட்டுக்குள் தொல்லைதான்.

அடுத்தது ஒளி விழும் விதம். சிலவற்றில் தலையை முன்னும் பின்னும் இழுத்தால் வட்டம் சிறிதாகும், பெரிதாகும். கடையில் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நடக்க உதவாது. குவித்தால் சுவரில் சதுரமாக ஒரு கட்டம் மட்டும், அதைச் சுற்றி ஒரே இருட்டு. விரித்தால் நடுவில் பலம் இல்லை. தலை நகர்வதால் தண்ணீரும் தூசியும் உள்ளே போக வழி வேறு. நிலையான தலையில் நடுவே கொஞ்சம் பிரகாசமான வட்டமும், அதைச் சுற்றிக் கால் வரை மெல்லப் படரும் வெளிச்சமும் இருப்பதுதான் உங்களுக்குச் சரி. கடையில் டார்ச்சை வெள்ளைச் சுவரில் அடிக்காதீர்கள், தரையில் அடியுங்கள். நின்ற இடத்திலிருந்து நான்கு எட்டு முன்னால் தரையைப் பாருங்கள். அப்போது உங்கள் செருப்பும் தெரிகிறதா என்று பாருங்கள்.

நிறத்தை நான் ரொம்பவே முக்கியமாக நினைக்கிறேன். மலிவான எல்இடி பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளை, வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் கெல்வின் கணக்கில் 6,500-உம் அதற்கு மேலும். அந்த வெளிச்சத்தில் சருகு, மண், காய்ந்த சாணி, விரியன் எல்லாமே ஒரே சாம்பல். 4,000 முதல் 5,000 கெல்வின் வரை, சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள எல்இடியில் பழுப்புக்குள் பழுப்பு பிரிந்து தெரியும். சிஆர்ஐ என்பது வெளிச்சத்தில் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பதற்கான எண், சூரிய வெளிச்சம் 100. இதைச் சோதிக்க உங்கள் உள்ளங்கையே போதும். டார்ச்சை உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள்: ரத்தம் ஓடுகிற சிவப்பும் ரேகைக்கும் தோலுக்கும் உள்ள வித்தியாசமும் தெரிந்தால் நல்ல எல்இடி, நோயாளி கை மாதிரி வெளிறித் தெரிந்தால் வேண்டாம். எலக்ட்ரீஷியன்களுக்கு இது இன்னும் முக்கியம், மட்டமான வெளிச்சத்தில் சிவப்பு ஒயரும் பழுப்பு ஒயரும் ஒன்றுபோலவே தெரியும். நிச்சியா 519ஏ, சாம்சங் எல்எச்351டி என்ற எல்இடி பெயர்கள் விவரத்தில் இருந்தால் பெரும்பாலும் நிறம் நன்றாக இருக்கும். அதிக சிஆர்ஐ எல்இடியில் லூமன் கொஞ்சம் குறையும், பரவாயில்லை, குறையட்டும்.

இதோடு ஒரு சின்னப் பழக்கமும் சொல்கிறேன். டார்ச்சைக் கண் உயரத்தில் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்து நடங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது கல்லுக்கும் பள்ளத்துக்கும் நீளமாக நிழல் விழும், தரையில் மேடாகக் கிடப்பது எதுவானாலும் அந்த நிழலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். நெற்றியில் கட்டுகிற விளக்கில் இது நடக்காது, கண்ணும் விளக்கும் ஒரே இடத்தில் இருப்பதால் நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

பேட்டரிக்கு வருவோம். உங்களுக்கு நான் சொல்வது ஏஏ அளவு, அதிலும் ஏஏ பேட்டரியும் 14500-உம் இரண்டுமே போடலாம் என்று கம்பெனியே எழுதியிருக்கும் டார்ச். காரணம் எளிது. சார்ஜ் தீர்ந்த ராத்திரியில் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில்கூட ஏஏ கிடைக்கும். ஏஏஏ டார்ச் இன்னும் ஒல்லி, பேனா மாதிரி நிற்கும், ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், தினமும் நடக்கிறவருக்கு அது குறைவு. 18650 போடுகிறது பலசாலி, ஆனால் சட்டைப் பையில் தொங்கும், நான்கு நாளில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவீர்கள்.

பெட்டிக்கடையில் கிடைக்கிற சாதாரண பேட்டரி பெரும்பாலும் துத்தநாகம்-கரி வகை. கடிகாரத்துக்குச் சரி, டார்ச்சின் உயர்ந்த நிலையில் அதற்கு மூச்சு வாங்கும். ஆல்கலைன் அதைவிடப் பலம், ஆனால் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் கசியும், வெள்ளையாகப் பூத்துத் திருகு மரையையே பிடித்துக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் விடும், கசிந்தது காரம் என்பதால் புளிப்புக்குக் கரையும். தினமும் பயன்படுத்துவதற்கு என் தேர்வு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதிலும் எனிலூப் மாதிரி சார்ஜ் தானாக வடியாத வகை. வருடம் முழுக்கச் சும்மா கிடந்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். இரண்டு ஜோடியும் ஒரு நல்ல சார்ஜரும் வாங்கினால் வருடக்கணக்கில் கவலை இல்லை.

14500-ஐப் பற்றி ஓர் எச்சரிக்கை. பார்க்க அச்சு அசல் ஏஏ மாதிரியே இருக்கும், ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். தெரியாமல் கடிகாரத்திலோ ரிமோட்டிலோ வெறும் ஏஏ-க்கான டார்ச்சிலோ போட்டால் அந்தச் சாமான் போயிற்று. நிக்கல் பேட்டரிக்கான சார்ஜரில் லித்தியத்தை வைப்பது அதைவிட மோசம், தீப்பிடிக்கக்கூடும். வீட்டில் குழந்தைகள் பேட்டரியை மாற்றி மாற்றிப் போடுவார்கள் என்றால் 14500 பக்கமே போகாதீர்கள், நிக்கலோடு நில்லுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி உள்ள டார்ச்சைப் போட்டு வைப்பதும் வேண்டாம்.

டார்ச்சிலேயே யுஎஸ்பி-சி சார்ஜிங் இருப்பது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்ற முடியாது என்றால், இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி சாகும்போது டார்ச்சும் சேர்ந்து சாகும். தனி காந்த ஒயரில் மட்டும் சார்ஜ் ஆகிறவற்றில் ஒயர் தொலைந்தால் அன்றோடு முடிந்தது. சில மலிவு டார்ச்சுகளில் சி-யிலிருந்து சி-க்குப் போகும் ஒயரில் சார்ஜே ஏறாது, பழைய அகலமான யுஎஸ்பி ஒயரில்தான் ஏறும். உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரைக் கம்பெனி மிச்சம் பிடித்திருக்கும். டார்ச் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடும் முன் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

ஸ்விட்ச் பின்பக்கம் இருந்தால் கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும், இருட்டில் தேட வேண்டாம். பக்கவாட்டில் மெத்தென்று இருக்கும் ஸ்விட்ச் பைக்குள் தவறி அழுந்தும். உயர்ந்த நிலையில் எரிந்தால் துணியைச் சுடும், குறைந்தது பேட்டரியாவது தீரும். அப்படிப்பட்டதை வாங்கினால் பூட்டு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினாலே மின்சாரம் துண்டாகிவிடும், அதைவிட நம்பகமான பூட்டு இல்லை. விட்டு விட்டுக் கண்ணைப் பறிக்கும் ஸ்ட்ரோப், ஆபத்தில் உதவி கேட்கும் எஸ்ஓஎஸ் எல்லாம் சாதாரண அழுத்தங்களுக்கு நடுவே வரக் கூடாது. வெளிச்சத்தைக் கூட்ட அழுத்தினால் பளிச் பளிச் என்று அடிக்கிற டார்ச்சைத் தினமும் யாராலும் பொறுக்க முடியாது.

கிளிப் கட்டாயம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழாயடியில் குனிந்தால் தண்ணீர்த் தொட்டிக்குள்தான் போகும். இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய கிளிப் என்றால் தொப்பியின் விளிம்பில் செருகிக்கொண்டு இரு கையாலும் வேலை பார்க்கலாம், பஞ்சரான வண்டிக்கு அது பெரிய உதவி. தண்ணீருக்கு ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், நம் மழைக்கு அது தாராளம். வாங்கியதும் பின்மூடியைக் கழற்றி மரைக்குப் பக்கத்தில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும். வருடத்துக்கு ஒரு தடவை அதில் சிலிகான் கிரீஸ் துளி தடவினால் காயாமல் இருக்கும்.

இனி பெயர் சொல்கிறேன். உங்களுக்கு என் முதல் தேர்வு சோஃபிர்ன் எஸ்பி10 புரோ. ஏஏ, 14500 இரண்டும் போடும், சாம்சங் எல்எச்351டி எல்இடி, நல்ல நிறம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் மிகக் குறைந்த வெளிச்சத்தில் தொடங்கி மெல்ல ஏறும், நான்கு தடவை தட்டினால் பூட்டிக்கொள்ளும். ஆண்டூரில் என்ற மென்பொருள் இதில் இருக்கிறது, அதற்கு எத்தனையோ வித்தை தெரியும், நீங்கள் இந்த இரண்டை மட்டும் பழகினால் போதும். அத்தனை தட்டல் வேண்டாம் என்றால் ஓலைட் ஐ3டி பாருங்கள். ஏஏஏ பேட்டரி, பின்பக்க ஸ்விட்ச், 5 லூமன், 180 லூமன் என இரண்டே நிலை, பேனா இடத்தில் பேனாவாகவே நிற்கும். தினமும் நடப்பதால் பேட்டரியை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பை எடுத்துப் போகிறவர், சட்டைப் பை வேண்டாம் என்றால் கான்வாய் எஸ்2 பிளஸ், 18650 போடுவது, வருடக்கணக்காக உழைக்கிற எளிமையான பொருள். வர்க்கோஸ் டிஎஸ்10 என்று ஒன்றையும் பலர் சிபாரிசு செய்வார்கள், அழகான வெளிச்சம்தான், ஆனால் 14500 மட்டுமே போடும், முழு வெளிச்சத்தில் ஒரு நிமிடத்துக்குள் சுடத் தொடங்கும். உங்கள் வேலைக்கு அது வேண்டாம். இறக்குமதிப் பொருள் என்பதால் விலை வாரத்துக்கு வாரம் மாறும், நான்கைந்து இடத்தில் பார்த்து வாங்குங்கள்.

அம்மாவுக்கு இவற்றில் எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ராத்திரி மாட்டுக் கொட்டகைக்குப் போகிறவருக்குக் கை முழுக்கப் பிடிக்க இடமும், தள்ளினால் எரிந்து இழுத்தால் அணைகிற ஸ்விட்சும்தான் வேண்டும். ஊர்க் கடையில் கிடைக்கிற, இரண்டு பெரிய பேட்டரி போடும் எல்இடி டார்ச் அவருக்குச் சரி. பேட்டரி அத்தனை பெரிது என்பதால் மாதக்கணக்கில் ஓடும், கீழே விழுந்தால் உருண்டு போகாதபடி கயிறு கட்டிக் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிடுங்கள், எப்போதும் அதே ஆணியில். பேட்டரியில் சார்ஜ் மிச்சம் இருந்தாலும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை புதிதாக மாற்றிவிடுங்கள். பழையதைக் கடிகாரத்தில் போட முடியாது, ஆனால் ரேடியோ இருந்தால் அதில் இன்னும் கொஞ்ச நாள் பாடும்.